பதில் வேண்டாத கேள்வி

லொரெய்ன் மேசை மேலிருந்த சாஸ் புட்டியையும் உப்புக் குப்பியையும் ஓரமாக நகர்த்திவிட்டு அந்தப் பழுப்பு உறையை என் முன்னால் வைத்தாள். உறை ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்து, மடித்து, திரும்பவும் பிரித்ததில் தாள்களின் மடிப்பு நைந்துபோயிருந்தது.

"நாலு தடவ படிச்சிட்டேன் நெவ். ஒவ்வொரு வார்த்தையும் புரியுது. மொத்தமாப் படிச்சா ஒண்ணும் புரியல. நீதான் இப்போ கிளாஸுக்கெல்லாம் போறியே, இதுல என்னதான் சொல்ல வர்றாங்கன்னு பாரு."

அவள் புருஷன் டெரிக் மார்ச் மாதம் எங்கள் செங்கல் ஆலையில் செத்துப்போனான். இப்போது செப்டம்பர். மரண விசாரணைக்கு முன்னால் குடும்பத்துக்கு ஒரு நகல் தரவேண்டும் என்று விதி இருப்பதால் கம்பெனி தன்னுடைய அறிக்கையை அனுப்பியிருந்தது. ஒன்பது பக்கம். அந்த வீட்டின் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவருக்காக ஒரு காகிதத்தைப் படிக்கும் ஆளாக நான் இருந்தது எனக்கே பொருந்தாமல் இருந்தது. இருபது வருஷமாக எனக்கு வரும் காகிதங்களைப் படித்தவன் டெரிக். எழுத்து தெரியாது என்பதை ஆலையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்பேன். அவன் மட்டும் ஒருநாள் சாப்பாட்டு அறையில் என் கையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கி, ஒன்றும் கேட்காமல், மெதுவாக வாசித்தான். அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நடுநடுவே சொந்தமாகச் சேர்த்துக்கொள்வான். தண்ணீர் வரிக் கடிதத்தைப் படித்துவிட்டு, "கடைசியா ஒரு வரி இருக்கு நெவ். உன் குளியல் போதாதுன்னு அக்கம்பக்கத்துல புகார் வந்திருக்காம்" என்பான். என் மனைவி போன பிறகு வந்த ஒரு கடிதத்தை மட்டும் ஒன்றும் சேர்க்காமல் படித்தான். படித்து மடித்துக் கொடுத்துவிட்டு, "இதோட நிறுத்திக்கிறேன்டா. நூலகத்து மாடியில சனிக்கிழம காலையில சொல்லித்தராங்க. போய்ச் சேரு. சேரலன்னா நான் இனிமே படிக்கிறதெல்லாம் பொய்யாத்தான் இருக்கும்" என்றான். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது.

படித்தேன். இப்போதும் விரல் வைத்துத்தான் படிப்பேன். ஆறாம் பக்கத்தில் என் விரல் நின்றது. 'சம்பவம் நிகழ்ந்த நேரத்தில் மூன்றாம் எண் பெல்ட்டின் காப்பு வலை அகற்றப்பட்டிருந்தது.' அதற்கு அடுத்த வரி, 'இயந்திரத்தை இயக்குபவரிடம் எதிர்பார்க்கப்படும் கவனம் செலுத்தப்படவில்லை எனத் தெரிய வருகிறது.'

"அங்கதான்," என்றாள் லொரெய்ன். என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அகற்றப்பட்டிருந்ததுன்னா, யாரு அகற்றுனது?"

"அது போடல."

"ஏன் போடல?"

"இந்த மாதிரி காகிதத்துல இப்படித்தான் எழுதுவாங்க லொரெய்ன்."

"ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான் பாரு. வலை இல்ல. அவன் கவனமா இல்ல. படிக்கிறவன் என்ன நெனப்பான்? டெரிக்கே கழட்டிட்டு டெரிக்கே கையை விட்டான்னு நெனப்பான். எழுதாமலே எழுதியிருக்கானுங்க." அவள் குரல் உயரவில்லை. மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். "கடை வாசல்ல வண்டிய ரெண்டடி பின்னால எடுக்கறதுக்கே சீட் பெல்ட் போடுற ஆளு அவன். ஏணியில ஏறினா நான் வந்து பிடிக்கணும். அவன் கழட்டியிருக்க மாட்டான். வேற யாரோ கழட்டியிருக்கான். யாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. ஜெயிலுக்கு அனுப்பணும்னுகூட இல்ல. அவன் கழட்டலன்னு ஒருத்தன் வாயால வந்தா போதும்."

கழற்றியது நான்தான்.

அன்றைக்குக் காலை ஷிஃப்ட் எனக்கு. மூன்று நாள் விடாத மழை. குழியிலிருந்து வரும் களிமண் கூழாக வந்து, அதைச் சுமந்து ஓடும் பெல்ட்டின் கடைசி உருளையில் அப்பிக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சுரண்டவேண்டும். கை சிக்காமல் உருளையை மூடியிருக்கும் வலை இருந்தால் எட்டுத் திருகாணியைக் கழற்றி மாட்டவேண்டும். ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் போய்விடும். சூளை காத்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளர் ப்யூ இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். அவர் என்றைக்குமே 'வலையைக் கழற்று' என்று சொல்லமாட்டார். "செய்ய வேண்டியதைச் செய்ங்கப்பா" என்பார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஏழு மணி வாக்கில் வலையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். மழைக்காலத்தில் எல்லாரும் செய்வதுதான். ஷிஃப்ட் முடியும்போது திருப்பி மாட்டிவிட்டுப் போவோம், அல்லது மாட்டாமல் போவோம். அன்றைக்கு இரண்டு மணிக்கு டெரிக் வந்தபோது நான் தலை முதல் கால் வரை சேறாக இருந்தேன். பேருந்தைப் பிடிக்கும் அவசரம் வேறு. "இன்னிக்கு அது சிணுங்குது, பாத்துக்க" என்றேன் பெல்ட்டைக் காட்டி. "உன்கிட்ட சிணுங்கும். என்கிட்ட ஒழுங்கா இருக்கும்" என்றான். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. வலை இல்லை என்று நான் சொல்லவில்லை. அவன் பார்த்திருப்பான் என்று நினைத்தேனா, எதையும் நினைக்கவே இல்லையா என்று இத்தனை மாதமாக யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. விளக்கு அந்தப் பக்கம் மங்கல். வலை மேல் எப்போதும் சேறு அப்பியிருக்கும். இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த இடம் ஒரே மாதிரி பழுப்பாகத்தான் தெரியும். நாலரை மணிக்கு அவன், வலை இருக்கிறது என்று நினைத்து, எட்டிப் பார்க்க அதன் மேல் ஊன்றுவதுபோலக் கைவைத்திருக்க வேண்டும்.

அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரி வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் ஒன்பது பேர். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னோம். பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக வாயில் வந்தது. "வலை கழட்டி இருந்துச்சு சார்." நானும் அதைத்தான் சொன்னேன். பொய் இல்லை. கழற்றித்தான் இருந்தது. அவர் எழுதிக்கொண்டு, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். முன்பெல்லாம் பெயர் எழுதத் தெரியாமல் ஒரு கிறுக்கல் போடுவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக முழுப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதிக் கையெழுத்திட்ட அரசாங்கக் காகிதம் அதுதான்.

லொரெய்ன் கேட்டது அறிக்கையைப் படித்துச் சொல்ல மட்டுமல்ல. விசாரணை தொடங்கும்போது குடும்பத்தார் இறந்தவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாசிக்கலாம் என்று விசாரணை அதிகாரியின் அலுவலகத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். "எனக்குப் பேச வரும், எழுத வராது. நீ எழுதிக் குடு நெவ்," என்றாள். "அவன் உன்னைப் பத்தி எவ்வளவு பெருமையாச் சொல்லுவான் தெரியுமா? 'அவன் பரீட்சைக்கே போறான்'னு வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னான்." நான் சரி என்றேன். வேறென்ன சொல்வது.

சனிக்கிழமை வகுப்பில் நாங்கள் அப்போது காட்டுக்குள் இருந்தோம். காடு என்றால், எங்கள் டீச்சர் ஹேஸல் பலகையில் மேலிருந்து கீழாக ஏழு எழுத்து எழுதுவாள். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'ஒரு காடு' என்று வரும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் உத்தி. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்குவது ஒன்று, புள்ளிவிவரம் ஒன்று, மூன்று மூன்றாகச் சொல்வது ஒன்று, இப்படி. முதல் நாள் தாமதமாகப் போன நான் மரஞ்செடி பற்றிய பாடம் என்று நினைத்து, எனக்குத் தெரிந்த மரங்களின் பெயரையெல்லாம் நோட்டில் எழுதிவைத்தேன். ஹேஸல் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "எழுத்துப் பிழை ஒண்ணே ஒண்ணுதான் நெவில்" என்றாள். முப்பது வயதுகூட இருக்காது. அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். உத்தியின் பெயரைச் சொன்னால் போதாது, அது வாசகர் மேல் என்ன செய்கிறது என்று சொல்லவேண்டும். நாங்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் எழுதுவோம், 'அது வாசகரை மேலும் படிக்கத் தூண்டுகிறது' என்று. அவள் சிவப்பு மையில் அடித்து, 'எதுதான் தூண்டாது? என்ன விளைவு?' என்று எழுதுவாள்.

அந்தச் சனிக்கிழமை நான் அறிக்கையின் இரண்டு வரியையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய், எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல், இது என்ன உத்தி என்று கேட்டேன். ஹேஸல் அதைப் பலகையில் எழுதிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். "இந்த வாக்கியத்துல யாரைக் காணோம்?"

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் கீலி முன் வரிசையிலிருந்து சொன்னாள். "செஞ்சவனைக் காணோம் மிஸ். என் வீட்டுக்காரன் பேசுறது அப்படியே இதான். 'தட்டு உடைஞ்சிருச்சு கீலி'ம்பான். அது என்னமோ ராத்திரி எழுந்து தானாப் போய்க் குதிச்ச மாதிரி."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சரி, செஞ்சவரை எடுத்துட்டா என்ன விளைவு?" என்றாள் ஹேஸல். "செயல் மட்டும் நிக்குது. ஆள் இல்லாத செயல். படிக்கிறவங்களுக்கு ஓர் ஆள் வேணும், மனசு சும்மா இருக்காது. அதனால பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்க தலையில கொண்டுபோய் வச்சிடும். இதுல யார் நிக்கிறாங்க? இயந்திரத்தை இயக்குபவர். ரொம்பத் திறமையா எழுதியிருக்காங்க. எங்க கிடைச்சது நெவில்?"

"பேப்பர்ல," என்றேன்.

லொரெய்ன் தன் அடுக்களையில் உட்கார்ந்து நாலு தடவை படித்துத் தானாகக் கண்டுபிடித்ததைத்தான் ஹேஸலும் சொன்னாள். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருப்பது கம்பெனி மட்டும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கம்பெனிக்குமே தெரியாது. அவர்கள் தங்களுக்காகக் கட்டிய மறைப்புக்குப் பின்னால் நான் போய்க் குந்திக்கொண்டிருந்தேன், வாடகை கொடுக்காமல்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் லொரெய்ன் பேசப் பேச நான் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது. என் கை இன்னும் எழுதும் கையாக ஆகவில்லை. பேனாவைத் திருகு முடுக்கியைப் பிடிப்பதுபோலத்தான் பிடிப்பேன். டெரிக் தேநீரில் சர்க்கரை போட்டுவிட்டுக் கலக்காமல் குடிப்பான், அடியில் மிஞ்சுவதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவான் என்றாள். பக்கத்து வீட்டுக் கிழவரின் நாயை, நாய்க்கே நடக்க முடியாமல் போன பிறகும், ஒரு தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றி வருவான் என்றாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததைத் திரும்பக் கேட்டு எழுதுவது கூலியில்லாத வேலையைவிடக் கனமாக இருந்தது. கடைசியில் அவள் சொன்னாள். "இப்ப இதை எழுது. வலையக் கழட்டினது யாருன்னு எனக்குச் சொல்லுங்க. அவர் இங்க இருந்தா எழுந்து நின்னு சொல்லட்டும். அவ்வளவுதான். முற்றுப்புள்ளி வச்சிடு."

நான் எழுதவில்லை. பேனாவைத் தாள் மேலேயே வைத்திருந்ததில் ஒரு மைப்பொட்டு பரவியது. அந்த அறையில், நூறு பேர் இருக்கும் இடத்தில், அவள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி அதைச் சொல்வதையும், நான் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தேன். அப்படி ஒருத்தி சொன்னால் எழுந்திருக்காமல் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. முடியும் என்று தெரிந்துபோனால் அது அதைவிட மோசம்.

"இதைக் கொஞ்சம் மாத்தலாமா?" என்றேன். "கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்க. நேரா கேக்காம, கேள்வியா அடுக்கிக் கேட்டா உக்காந்திருக்கிறவங்க மனசுல தைக்கும்." எழுதிக் காட்டினேன். 'ஒரு நல்ல மனிதனுக்கும் சுழலும் இரும்புக்கும் நடுவில் இருந்த ஒரே தடுப்பை எந்தக் கை அகற்றும்? எந்தக் கை அதைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகும்? எந்தக் கை அன்றிரவு நிம்மதியாக ரொட்டியைப் பிட்டுத் தின்னும்?'

சுவரில் சாய்த்தது என்று ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரியாது. அது அறிக்கையில் எங்கும் இல்லை. லொரெய்ன் உதட்டை அசைத்து மூன்று தடவை படித்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் சொன்னது போதாதா நெவ்? இது சர்ச்ல பேசுற மாதிரி இருக்கு."

"இது நல்லாயிருக்கும்."

"அழகாத்தான் இருக்கு," என்றாள். "அவன் இருந்தா, நெவ் எழுதினதுன்னு ஊரெல்லாம் தூக்கிட்டுத் திரிவான்."

நான் ஒரு பிரதி எடுத்து வகுப்பிலும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்? பயிற்சிக்கு ஓர் உரை எழுதி வரும்படி ஹேஸல் சொல்லியிருந்தாள், கையில் இருந்தது இது ஒன்றுதான். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. வாழ்நாள் முழுவதும் மண்ணைத் தள்ளியவன் முதல் தடவையாக ஒன்றை உருப்படியாகச் செய்திருக்கிறேன், அதை யாராவது பார்க்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது. ஹேஸல் திருப்பிக் கொடுத்த தாளின் ஓரம் முழுக்கச் சரி போட்டிருந்தாள். மூன்று கேள்விக்கும் பக்கத்தில், 'அபாரம். ஒரே தொடக்கம், மூன்றடுக்கு, பதில் எதிர்பாராத கேள்வி, மூன்றும் ஒன்றாக. உரையைக் கேட்பவர் தன்னைத்தானே குற்றவாளியாக உணர்வார்' என்று எழுதியிருந்தாள். முதல் தடவையாக விளைவையும் அவளே எழுதிவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, "இது உண்மையில நடந்ததா நெவில்?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை மிஸ், யோசிச்சு எழுதினேன் என்றேன். "பரீட்சையில இதே மாதிரி எழுதுங்க" என்றாள்.

விசாரணை நவம்பரில், நகர மன்றக் கட்டடத்தின் பின்பக்க அறையில் நடந்தது. வெப்பக் குழாய் அதிகமாகக் கொதித்ததில் எல்லாரும் மேல்கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தோம். ஜூரி பத்துப் பேர், விசாரணை அதிகாரி ஒருவர், கம்பெனிக்கு ஒரு வக்கீல் அம்மா. லொரெய்ன் முன் வரிசையில். நான் அவளுக்கு இரண்டு வரிசை பின்னால். எழுந்து நின்று வாசித்தாள். சர்க்கரைக் கரண்டிக்கு ஜூரியில் ஒருவர் சிரித்தார். நாய் வண்டிக்கு ஒருத்தி கைக்குட்டை எடுத்தாள். 'எந்தக் கை' என்று தொடங்கியபோது அறையில் இருமல்கூட இல்லை. அவள் எங்கள் யார் பக்கமும் திரும்பவில்லை. தாளைப் பார்த்தே வாசித்தாள், ஏனென்றால் அந்த வார்த்தைகள் அவளுடையவை இல்லை, பார்க்காமல் சொல்ல வராது. முடிந்ததும் விசாரணை அதிகாரி ஒரு நிமிஷம் தலை குனிந்திருந்துவிட்டு, "மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது, திருமதி டன்னிக்ளிஃப். எங்களுக்கு உங்கள் கணவரைக் காட்டிவிட்டீர்கள். நன்றி" என்றார். பிறகு தாளைப் புரட்டி அடுத்த சாட்சியை அழைத்தார்.

ஒன்பது பேரின் வாக்குமூலத்தையும் யாரும் ஆட்சேபிக்காததால் குமாஸ்தாவே வாசித்தார். ஒன்பது தடவை வலை கழற்றி இருந்தது. ஆறாவது என்னுடையது. வேறொருவர் குரலில் கேட்டபோது மற்றவற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. பிறகு ப்யூ கூண்டில் ஏறினார். வலையைக் கழற்றும்படி தான் யாருக்கும் எப்போதும் உத்தரவிட்டதில்லை என்றார். அது உண்மை. யார் கழற்றினார் என்று தனக்குத் தெரியாது என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம். விசாரணை அதிகாரி லொரெய்ன் பக்கம் திரும்பினார்.

"சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா? உங்களுக்கு அந்த உரிமை உண்டு. வேலையிடத்தில் இருந்த மற்றவர்களை அழைக்கவேண்டும் என்றாலும் சொல்லலாம்."

லொரெய்ன் எழுந்தாள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நான் கேக்க வேண்டியதை அதுலயே கேட்டுட்டேன் சார்," என்றாள். "எந்தக் கைன்னு."

அவர் அவளை அன்பாகத்தான் பார்த்தார். அன்பாகத் தலையசைத்தார். "புரிகிறது" என்றார். எதுவும் குறித்துக்கொள்ளவில்லை. கம்பெனி வக்கீலும் குறித்துக்கொள்ளவில்லை. படித்தவர்கள். அது எந்த வகைக் கேள்வி என்று பார்த்த உடனே அவர்களுக்குத் தெரியும். லொரெய்ன் இன்னும் கொஞ்சம் நின்றாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள் என்பது எனக்கு அவள் முதுகைப் பார்த்தே தெரிந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டாள். எழுந்து சொல்ல எனக்கு அந்த நேரம் போதும். பெல்ட்டை நிறுத்தும் பொத்தானை அழுத்த ஆகும் நேரத்தைவிட அதிகம்தான். மடியில் இருந்த கோட்டை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

மூன்று மணிக்கு ஜூரி திரும்பி வந்தது. விபத்தினால் நேர்ந்த மரணம். காப்பு வலை எப்போது, யாரால் அகற்றப்பட்டது என்பது உறுதி செய்யப்படவில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு அவளோடு நடந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பேருந்தில் போகிறேன் என்றேன், ஏறு என்றாள். அது டெரிக்கின் வண்டி. அவன் நெட்டையன். அவனுக்காகப் பின்னால் தள்ளியிருந்த இருக்கையை அவள் எட்டு மாதமாக நகர்த்தவே இல்லை போலிருக்கிறது. இருக்கையின் விளிம்பில் தொற்றிக்கொண்டு, கால் நுனியால் மிதியை எட்டி, சுவரைத் தள்ளுகிறவள்போலக் கைகளை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள்.

"ஏன் நெவ் யாருமே பதில் சொல்லல?" என்றாள். "அவ்வளவு பேர் அழுதாங்க. பதில் மட்டும் சொல்லல."

"அது..." என்றேன். "அது பதிலுக்காகக் கேக்குற கேள்வி இல்ல லொரெய்ன். கிளாஸ்ல அப்படித்தான் சொல்வாங்க. கேள்வி கேக்கிறவங்களுக்கே பதில் தெரிஞ்சிருக்கும்பாங்க."

"எனக்குத் தெரியாதே."

கண்ணாடியில் விழுந்த தூறலைத் துடைப்பான் ஒருமுறை வழித்துவிட்டு நின்றது.

"தெரியாததாலதானே கேட்டேன். பதில் வேண்டாம்னா பின்ன எதுக்கு அதைக் கேக்க வச்ச?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. எதிரே பார்த்துக்கொண்டே, வழி கேட்பதுபோலத்தான் கேட்டாள். வண்டியைக் கிளப்பி வெளியேறும் வாசல்வரை உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். சன்னல் கண்ணாடியை இறக்கி, இருக்கையிலிருந்து பாதி எழுந்து, வண்டி நிறுத்தக் கட்டணச் சீட்டை இயந்திரத்தில் திணித்தாள். கை நனைந்தது. திரும்ப உட்காரும்போது நேராக என் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு முழுவதும் அவள் என்னை அப்படிப் பார்த்திருக்கவில்லை.

"சுவத்துல சாய்ச்சு வச்சிருந்ததுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆங்கிலத்தில் அதற்குப் பதில் நான்கே வார்த்தை. ஹேஸல் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளைவிடக் கடினமாக ஒன்றும் அதில் இல்லை. 'நான்' என்கிற முதல் வார்த்தைக்கு ஒரே எழுத்துதான், நெட்டுக்கு நிற்கும் ஒரு கோடு. வாய் திறந்திருந்தது என்று நினைக்கிறேன், உதட்டில் குளிர் பட்டது.

முன்னால் சிவப்பு வெள்ளைத் தடுப்புக் கம்பம் நடுங்கிக்கொண்டே மேலே போய் நின்றது. அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது, பிறகு இன்னொன்று. திறந்த சன்னல் வழியே மழை அவள் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கம்பம் தூக்கியபடியே நின்றது.